வீட்டு மொழி

17.7.1961, திங்கள். மூன்றாம் படிவப் பதிவேடு, வரிசை எண் 22, பத்மினி த/பெ ராமச்சந்திரன். ‘வீட்டு மொழி’ என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதியிருக்கிறேன். கேட்டு எழுதவில்லை, பெயரைப் பார்த்து எழுதினேன். தவறு என்னுடையது என்று நினைக்கிறேன்.

தன் குறிப்பேட்டில் எழுதிய ‘என்று நினைக்கிறேன்’ என்பதைத் தியாகு கோடிட்டு அடித்தான். அடித்த பிறகு வாக்கியம் மொட்டையாக நின்றது. அதுதான் சரி என்று விட்டுவிட்டான்.

பகலில் அவன் அந்தப் பள்ளியின் தற்காலிகக் கிராணி; பதிவேடும் தட்டச்சும் அவன் வேலை. மாலை ஆறு மணிக்கு அதே கட்டடத்தின் மூன்றாம் படிவ வகுப்பறையில், பிள்ளைகள் விட்டுப்போன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அந்தி வகுப்பில் படிப்பவன். ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மலாக்காவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பத்மினியின் குடும்பம்போல ஊருக்குள் காஜா பேராங்கில் தலைமுறைகளாக இருக்கும் செட்டிகள் மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் விசாரிக்கவில்லை.

அன்று பகல் மார்க்குப் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பத்மினிக்குக் கொடுத்த தமிழ்த் தாள் கைக்கு வந்தது. விடை எழுத வேண்டிய இடத்தில் கேள்விகளையே திரும்ப எழுதியிருந்தாள். எழுதியிருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, வரைந்திருந்தாள். ‘ழ’வின் வால் சுழன்று அடுத்த வரிக்குள் இறங்கியிருந்தது. இரண்டு பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. மேலே சிவப்பு மையில் ஒரு முட்டை.

மற்ற ஐந்து தாள்களிலும் சேர்த்து இருநூற்று இருபத்தைந்து வாங்கியிருந்தாள். ஆறால் வகுத்தால் முப்பத்தேழரை. ஐந்தால் வகுத்தால் நாற்பத்தைந்து. நாற்பதுக்குக் கீழே சராசரி உள்ளவர்களின் பெயரை, மூன்றாம் படிவ முடிவில் அரசாங்கம் நடத்தும் எல்.சி.இ. பரீட்சைக்கு அனுப்புவதில்லை, பள்ளியிலிருந்தே விலக்கிவிடுவது என்பது தலைமையாசிரியர் கலியாணசுந்தரம் வைத்த சட்டம். தோற்பவர்களைப் பரீட்சைக்கு முன்பே கழித்துவிட்டால் பள்ளியின் தேர்ச்சி விகிதம் தானாக ஏறும். வெள்ளைக்காரர் விட்டுப்போன நாற்காலியில் நாலு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். வெயில் கொளுத்தினாலும் கழுத்துப்பட்டையைத் தளர்த்த மாட்டார்.

தியாகு வகுத்தலை மூன்று தடவை போட்டுப் பார்த்தான். மூன்று தடவையும் அதே நாற்பத்தைந்துதான் வந்தது.

மறுநாள் காலை மணி அடிக்குமுன் தலைமையாசிரியர் அறைக்குப் போனான். நின்றபடியே சொன்னான்.

"தமிழ்த் தாளக் கழிச்சிட்டா அந்தப் பொண்ணு பாஸ் சார். மலாய்த் தாள் குடுத்திருக்கணும். நான்தான் பேரப் பாத்து தப்பா எழுதிட்டேன்."

"பேரப் பாத்தா தமிழு, வாயத் தொறந்தா மலாய். அது அதுங்க தப்பு தம்பி, உன் தப்பு இல்ல." அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். "அட்டவணை வெள்ளிக்கிழமையே கல்வி இலாகாவுக்குப் போயிருச்சு. இப்பத் திருத்துனா நம்ம பதிவேடே பொய்யின்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. வகுக்கத் தெரிஞ்சதும் கிராணிக்கு வாத்தியார் ஆசை வந்துருச்சா?"

அந்த அட்டவணையையும் அவன்தான் தட்டச்சு செய்திருந்தான். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பிறர். எண்ணிக்கை, வீட்டு மொழி, தகப்பன் தொழில், போன வருடத் தேர்ச்சி. இந்தியர் வரிசைக்கு நேராக ஒரு குறிப்பைத் தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல அடித்திருந்தான்: ‘பின்னடைவுக்குக் காரணம் பெற்றோரின் அறியாமை.’ மூன்று கார்பன் பிரதி.

தலைமையாசிரியர் வரச்சொல்லியிருந்தபடி பத்து மணிக்குப் பத்மினியின் தாய் நாகம்மா வந்தாள். விடிகாலையில் பலகாரம் விற்று முடித்து, அதே சாரோங்கும் கெபாயா மேற்சட்டையுமாக நடந்தே வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு. மகள் ஆஸ்பத்திரியில் தாதியாகப் பயிற்சிக்குச் சேர வேண்டும், அதற்கு எல்.சி.இ. வேண்டும், அது மட்டும் அவளுக்குத் தெரியும். தலைமையாசிரியர் அவளை உட்காரச் சொல்லவில்லை. தமிழிலேயே பேசினார். பெண்ணின் படிப்பு, வீட்டின் பொறுப்பு, நாட்டின் முன்னேற்றம் என்று ஐந்து நிமிடம் பேசினார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், அவர் நிறுத்திய இடத்தில் சிரித்தாள்.

"பாத்தியா," என்றார் அவனிடம். "கோயிலுக்குப் போறவகிட்ட நான் எதுக்கு மலாய் பேசணும்? வெக்கப்பட்டாவது கத்துக்கட்டும்."

விலகல் படிவத்தை அவள் பக்கம் நகர்த்திக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் தட்டினார். நாகம்மா பேனாவை எடுத்தாள். தியாகுவைப் பார்த்தாள்.

"இனி புவாட் பெரிக்சா கா?"

இது பரீட்சைக்குத்தானா என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். இல்லை, மகளின் பெயரைப் பள்ளியிலிருந்து எடுப்பதற்கு என்று தியாகு தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னான். கட்டத்தில் தமிழ் என்று எழுதியது தான்தான் என்பதையும் சொன்னான். அவள் சிரிப்பை நிறுத்தினாள். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கையைக் கெபாயாவில் துடைத்துக்கொண்டாள்.

அப்போது தலைமையாசிரியரின் வாயிலிருந்து பிசிறில்லாத மலாய் வந்தது. சந்தையிலும் சபையிலும் ஒருசேரப் பேசக்கூடிய மலாய். கையெழுத்துப் போட்டால் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதுவேன், போடாவிட்டால் ‘நீக்கப்பட்டாள்’ என்று எழுதுவேன், அந்தச் சொல்லோடு போனால் ஆஸ்பத்திரியில் தரை கூட்டக்கூட எடுக்க மாட்டார்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை.

நாகம்மா பேனாவை மறுபடி எடுத்தாள். ரோமன் எழுத்தில், ஒவ்வொன்றாக, தன் பெயரை எழுதி முடித்தாள். மகள் தாளில் இருந்த அதே சுத்தம். பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

தலைமையாசிரியர் படிவத்தை ஊதி மை காயவிட்டு அவனிடம் நீட்டினார்.

"சான்றிதழ் அடிச்சிரு. இதுலயாவது வீட்டு மொழியச் சரியாப் போடு."

அன்று மாலை அந்தி வகுப்பு வாத்தியார் வருமுன் தியாகு குறிப்பேட்டைத் திறந்தான். முந்திய நாளின் பதிவில் வாக்கியம் மொட்டையாகவே நின்றது. கீழே எழுதினான்.

18.7.1961, செவ்வாய். நாளை காலை ஏழரைக்குள்: பத்மினி த/பெ ராமச்சந்திரன், விலகல் சான்றிதழ், இரண்டு பிரதி. விலகும் காரணம்: பெற்றோர் விருப்பம். வீட்டு மொழி: மலாய்.