ஒரு பக்கம் குட்டை

சித்தி பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் வைத்திருந்தாள். இருபது வருடத்தில் எத்தனையோ வம்புபிடித்த தலைகளைச் சமாளித்தவள். ஆனால் சொந்த அக்காவின் ஏழு வயது மகளிடம்தான் அவள் தொழிலையே முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிவந்தது.

அந்தப் பெண்ணைச் சித்தி பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவாள். மூன்றாவது வீட்டில் மிக்ஸி ஓடினால் இவள் இங்கே காதைப் பொத்திக்கொள்வாள். சட்டைக் கழுத்தில் லேபிள் உரசினால் சட்டையையே கழற்றி எறிவாள். சத்தம், வெளிச்சம், நாற்றம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் மேசைக்கடியில் போய்ச் சுருண்டுவிடுவாள். அரை மணி நேரத்துக்கு யாரும் கிட்டே போக முடியாது. அத்தனையும் அடம் என்பார் அக்கா வீட்டுக்காரர். அடமாவது மண்ணாவது, நமக்கு ஒரு சத்தம் கேட்கிற இடத்தில் அவளுக்குப் பத்து கேட்கிறது என்று சித்தி அவரிடம் மல்லுக்கு நிற்பாள்.

சீப்பைக் கண்டாலே அலறுகிற பெண்ணுக்கு முடி இடுப்புவரை வளர்ந்து சிக்குப் பிடித்துக் கிடந்தது. அதனால் கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமைதோறும் அவளைக் கூட்டிவரச் சொன்னாள் சித்தி. சாய வாடை அடிக்கும் பாட்டில்களை எல்லாம் பின்கட்டுக்குத் தூக்கினாள். ஃபேன் கிடையாது, டியூப்லைட் கிடையாது, ஜன்னல் வெளிச்சம் மட்டும். முதல் மாதம் வெறுமனே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள் பாம்புக்காது. அடுத்த மாதம் கடையின் அந்தக் கோடியில் நின்று கத்தரிக்கோலால் காற்றை வெட்டிக் காட்டினாள் சித்தி. பிறகு வாரத்துக்கு ஓர் எட்டு கிட்டே வந்தாள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு சட்டம். செய்யப்போவதைச் சித்தி முதலில் சொல்ல வேண்டும். பெண் "ம்" சொல்ல வேண்டும். மூன்று எண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் கை நகரும். பெண் கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. பத்தாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, சொல்லி, ம் வாங்கி, மூன்று எண்ணி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு கற்றையை வெட்டினாள் சித்தி. கீழே விழுந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னொண்ணு" என்றாள் பாம்புக்காது. சித்திக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்கப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

புதன்கிழமை அக்கா கடைக்கு வந்து ஒரு கத்தரிக்கோல் கேட்டாள். வீட்டிலும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் பழகுவாளே என்றாள். பெற்ற தாயே கேட்டாலும் கத்தரிக்கோலை இரவல் கொடுக்காத சித்தி, அன்று பூரித்துப்போய்த் தன் பெட்டியிலிருந்தே நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இத்தனை நாளும் வாசலில் உட்கார்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு இப்போதாவது அக்கறை வந்ததே என்று நினைத்தாள். சனிக்கிழமை அக்காவின் நாத்தனார் குடும்பத்தோடு வரப்போகிறாள் என்பதும், போன தடவை அந்த அம்மாள் பெண்ணின் தலையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனாள் என்பதும் சித்திக்குத் தெரிந்ததுதான். இரண்டையும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி அக்கா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த பாம்புக்காது நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடினாள். ஓடினவளின் முடி காதோடு நின்றிருந்தது.

அந்த ஒரு பார்வையே தொழில்காரிக்குப் போதும். இடது பக்கம் காதுக்கு மேலே ஏறிக் குட்டையாக இருந்தது. வலது பக்கம் நீளமாக, எலி கடித்தாற்போல இருந்தது. நேராக உட்கார்ந்திருக்கும் தலையை யாரும் இப்படி வெட்ட முடியாது. வலது கன்னம் தலையணையில் பதியக் கிடந்த தலை இது. மேலே கிடைத்ததை வெட்டிவிட்டு, அடியில் கிடந்ததை உருவி உருவி வெட்டியிருக்கிறார்கள்.

சமையலறையில் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பெண், வழக்கம்போல அடித்துப் போட்டாற்போலத் தூங்கியிருக்கிறாள். அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். அன்றும் பிடித்திருந்தாள். விரலை அவளிடம் விட்டுவிட்டு, அக்கா மறு கையால் வெட்டியிருக்கிறாள்.

"எழுந்து கண்ணாடியப் பார்த்துட்டு அவ கத்தின கத்து உனக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "யாரு வெட்டினான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நீ வந்து வெட்டிட்டுப் போனேன்னு சொல்லிட்டேன்."

பத்து மாதத்துத் திங்கட்கிழமைகளை சித்தியின் கத்தரிக்கோலை வைத்தே வெட்டி எறிந்துவிட்டு, பழியையும் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறாள், கூடப் பிறந்தவள். வாசலில் போகிற எவளோ செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"நீ கடைக்குப் போயிடுவ. என்கூடத்தானே அவ இருந்தாகணும்" என்றாள் அக்கா.

சித்தி விடுவிடுவென்று படுக்கையறைக்குப் போனாள். உண்மையைப் போட்டு உடைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று போனாள். அக்கா பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, அவளை முந்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பாம்புக்காது அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள் வீங்கிக் கிடந்தன.

"எனக்குத் தூக்கம் வருதும்மா. நீ தூங்கிடாத. சித்தி கிட்ட வந்தா என்னை எழுப்பு."

"சரிடா" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு விரலை நீட்டினாள். பெண் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முழங்கைக்கு மேலாகச் சித்தியைப் பார்த்தாள்.

"ஏன் சொல்லாம வெட்டுன?"

உண்மை சித்தியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் சித்திக்குத் தன் நல்ல பெயர் திரும்பக் கிடைத்துவிடும். அந்தக் குழந்தைக்கு நிம்மதியாகக் கண்ணை மூட உலகத்திலிருக்கும் ஒரே இடமும் போய்விடும். அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. பெண்ணின் தலையைத்தான் தடவிக்கொண்டிருந்தாள், அந்தக் குட்டையான பக்கத்தை.

"தப்புதான்" என்றாள் சித்தி. "கேட்டிருக்கணும்."

"நான் கையத் தூக்க முடியலையே. தூங்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள் பெண்.

சித்தி திரும்பி நடந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா வாசல்வரை வந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "கொஞ்ச நாள் போகட்டும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிடலாம்ல?"

சித்தி கையை உருவிக்கொண்டாள். உள்ளேயிருந்து பாம்புக்காதின் குரல் வந்தது.

"அம்மா, சித்தி போயிட்டாளா? கதவைப் பூட்டு."

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.