வரிசைக்கு ஒரு காய்ந்த கை

விடியற்காலை நாலு மணிக்கு முதல் நண்டு வெந்து இறங்கிவிடும். கொதிகலன் மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று எழும்பிக் கூரைத் தகரத்தில் முட்டும். அங்கே குளிர்ந்து, கீழே நிற்கிறவர்கள் பிடரியில் சொட்டும். எஃகு மேசையின் இரு பக்கமும் முப்பது பெண்கள். உள்ளே நூல் கையுறை, மேலே ரப்பர் கையுறை, உப்புத் தண்ணீர் புகாதபடி மணிக்கட்டைச் சுற்றி ஒட்டுநாடா. நண்டுக் காலை முறித்துக் கிண்ண விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் சதை முழுசாய் வழுக்கி விழ வேண்டும். ஓட்டு முள் ரப்பரையும் நூலையும் தாண்டி விரலில் ஏறுவது தினப்படி. ஏறினாலும் யாரும் கையுறையைக் கழற்றிப் பார்ப்பதில்லை. கழற்றி மாட்டுவதற்குள் அரை டப்பா சதை போய்விடும். கூலி எடைக்குத்தான்.

மேசையின் கடைசியில் தராசு. அங்கே எஸ்தெலித்தா நிற்பாள். டப்பாவை நிறுத்து, யாருடையது என்று எழுதுவது பதினோரு வருஷமாய் அவள் வேலை. அதனால் அவள் கை மட்டும் ஈரம் படாமல் இருக்கும். வரிசைக்கு ஒரு காய்ந்த கை என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். ஓய்வு நேரத் தாள், பாதுகாப்பு வகுப்பு நடந்ததாகச் சொல்லும் தாள், எது வந்தாலும் மேஸ்திரி தராசடியில் வைத்துவிட்டு, "லித்தா, எல்லாருக்கும் போட்டுடு" என்பான். அவள் தலையைத் தூக்கி, "போடவா?" என்று கத்துவாள். முப்பது தலையும் ஆடும். போட்டுவிடுவாள். அந்த வகுப்பு ஒரு நாளும் நடந்ததில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் இதையும் செய்தாள்.

நண்டுக் காலம் பிறந்ததும் ஊருக்குள் ஒரு மனு சுற்றி வந்தது. வேலை நேரத்தைப் பதினாலு நாள் முந்தியே சொல்ல வேண்டும். இருக்கிறவர்களுக்கு முழு நேரம் கொடுத்த பிறகுதான் வெளியிலிருந்து புது ஆள். போதுமான வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் நகரசபை அதைச் சட்டமாக்கியாக வேண்டும், இல்லையென்றால் தேர்தலில் மக்கள் முன்னால் வைத்தாக வேண்டும். வேலைக்கு வரச்சொல்லி ராத்திரி எந்த நேரத்திலும் தொலைபேசி கூப்பிடும், எடுக்காதவள் பெயர் அடுத்த வாரப் பட்டியலின் அடியில் போய்விடும் என்று பயந்து, தொழிற்சாலை வாசலிலேயே காரை நிறுத்தி அதற்குள் படுத்துறங்குகிற பெண்களுக்கு அந்த மனு தேவாமிர்தமாய் இருந்தது. தாள் தராசடிக்கு வந்தது. "போடவா?" என்று கத்தினாள் எஸ்தெலித்தா. ஓட்டு உள்ள இருபத்திரண்டு தலைகள் வேகமாய் ஆடின. வட்டமான ஒரே எழுத்தில் இருபத்திரண்டு பெயரையும் போட்டாள்.

நகரசபை அலுவலகம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. ஒரே கை எழுதியது என்று இருபத்திரண்டையும் அடித்துவிட்டது. மனுவுக்குப் பதினேழு கையெழுத்துக் குறைந்துபோயிற்று. குறையைத் திருத்தப் பத்து நாள் அவகாசம் உண்டு. ஆனால் அந்தத் தகவல் சபை வக்கீலின் மேசையில் படுத்துத் தூங்கி, ஒன்பதாம் நாள் சாயங்காலம்தான் சோம்பல் முறித்து எழுந்து வந்தது. அன்றைக்குப் படகுகள் மொத்தமாய்க் கரை ஏறியிருந்தன. விடிய விடிய நண்டு. யார் எங்கே போய்க் கையெழுத்துப் போடுவது?

அடுத்த நாள் முதலாளி ஹால்வர்சன் அவளை மேலே கூப்பிட்டார்.

"உட்காரு லித்தா. காபி குடிக்கிறியா?"

"நின்னே பழகிடுச்சு சார்."

அவர் ஒரு தாளை நகர்த்தினார். "மனுக்காரங்கதான் உன்னை இப்படி எழுதச் சொன்னாங்கன்னு இதுல இருக்கு. நீ ஏமாந்த பொண்ணு. ஏமாந்தவளை யாரு ஜெயிலுக்கு அனுப்பப் போறா?"

"அவங்க யாரும் சொல்லலையே."

"சொன்னாங்கன்னு சொல்லேன்."

"எல்லாருக்கும் போடுன்னு பதினோரு வருஷமா சொன்னது உங்க மேஸ்திரி. வேணும்னா அவர் பேரைப் போட்டுக்கிறேன்."

ஹால்வர்சன் பேனாவை மூடினார். "பிலிப்பைன்ஸ்லேருந்து வந்த உனக்குக் குடியுரிமை கிடைச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"நாலு."

"நாலுதானா? சின்னப் புள்ளை. பத்திரமாப் பாத்துக்க."

அவள் படியிறங்கினாள். அடுத்தவர் பெயரைப் போடுவது இந்த ஊரில் ஜெயில் குற்றம் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. கொடுத்த குடியுரிமையைத் திருப்பிப் பிடுங்குவார்களோ? கேட்க ஒரு ஆள் இல்லை.

மறுநாள் இன்னொரு தாள் வரிசைக்குள் வந்தது. 'என் பெயரை எஸ்தெலித்தா என் சம்மதம் இல்லாமல் எழுதினாள்.' இதைத் தராசடியில் யாரும் வைக்கவில்லை. மேஸ்திரியே ஆள் ஆளாய்க் கூப்பிட்டான். கையுறையைக் கழற்றச் சொன்னான். துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தான். எத்தனை நிமிஷம் ஆனாலும் காத்திருந்தான்.

கை கழுவும் இடத்தில் ஒஃபீலியா அவளை மடக்கினாள். மேசையில் தராசுக்கு அடுத்த ஆள் அவள்தான். இரண்டு குழந்தைகளோடு தனியாய் இருப்பவள்.

"அக்கா, நான் போட்டுட்டேன்."

எஸ்தெலித்தா குழாயை மூடவில்லை.

"வாடகை ரெண்டு மாசம் நிக்குது. போடலேன்னா வேலைக்குக் கூப்பிட்டு போன் வராதுன்னான் மேஸ்திரி. ஏதாவது சொல்லுக்கா. திட்டவாவது திட்டு."

"திட்டி என்ன ஆகப்போகுது? போ, டப்பா நிக்குது பாரு."

பின்னால் நின்ற கிழவி டார்லீன் மூக்கைச் சிந்தினாள். முதலாளியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளிடம் எதையும் பேசக்கூடாது என்பது வரிசையின் எழுதாத சட்டம். "கவலைப்படாத லித்தா. ஜெயில்ல மூணு வேளை சோறு. எந்திரிக்கிற நேரம், வேலை நேரம் எல்லாம் முன்னாடியே சொல்லிடுவாங்க. நாம கேட்டதே அதுதானடி!"

யாரும் சிரிக்கவில்லை. டார்லீன் மட்டும் இருமல் வரும்வரை சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சபை கூடியது. எஸ்தெலித்தா வேலைத் துணியோடுதான் போனாள். நண்டு வாடைக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். வரிசைப் பெண்கள் சிலர் பின்சுவரோரம் ஒட்டி நின்றார்கள். ஹால்வர்சன் முன்வரிசையில் தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். ஒஃபீலியா அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, மடியில் தூங்கும் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

தலைவி விண்டல் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பேச ரெண்டு நிமிஷம். சிவப்பு விளக்கு எரிஞ்சா நிறுத்திடணும்" என்றார்.

எஸ்தெலித்தா மைக் முன்னால் போனாள். "அந்த எழுத்து என்னோடதுதாம்மா. ஆனா கேட்டுட்டுத்தான் போட்டேன். பாதுகாப்பு வகுப்பு நடந்துச்சுன்னு இதே கையால இவங்க எல்லாருக்கும் போட்டிருக்கேன். அது செல்லுச்சு. அரசாங்க ஆளு வந்து பாத்துட்டு, சரின்னு முத்திரை குத்திட்டுப் போனாரு. அது செல்லும், இது மட்டும் எப்படிம்மா செல்லாம போச்சு?"

வக்கீல் தலையைத் தூக்காமலே, "அது தனியார் நிறுவனத்தோட விவகாரம். சபைக்குச் சம்பந்தம் இல்ல" என்றார்.

உறுப்பினர்களில் ஒரு இளைஞர் தொண்டையைச் செருமினார். கையெழுத்து எப்படி இருந்தாலும், சபை நினைத்தால் தானாகவே இதைத் தேர்தலுக்கு விடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

"ஆதரிக்கிறவங்க?" என்றார் விண்டல் அம்மாள்.

சுவர்க் கடிகாரம் கேட்டது. ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவர் தாளைத் திருப்பினார்.

"ஆதரவு இல்ல. தீர்மானம் விழுந்தது."

அவ்வளவுதான். மாதக்கணக்கில் மழையில் வீடு வீடாய் அலைந்து வாங்கிய மனு, ஒருவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் செத்துப்போயிற்று. அடுத்து எஸ்தெலித்தாவின் பெயரை அரசு வழக்கறிஞருக்கு அனுப்பும் தீர்மானம். அதற்கு ஆதரவு உடனே கிடைத்தது.

எஸ்தெலித்தா திரும்பி நடக்கப் பார்த்தாள். வழியில் டார்லீன் நின்றிருந்தாள்.

"என் பேரையும் சேத்துக்க, மார்ஷா" என்றாள் கிழவி, தலைவியைப் பெயர் சொல்லி. "போடுன்னு சொன்னவ நான். சொன்னவளை விட்டுட்டு எழுதினவளை மட்டும் அனுப்பினா எப்படி?"

"உங்க நேரம் முடிஞ்சது, டார்லீன்."

"எனக்கு இன்னும் நேரமே குடுக்கலையே! எழுது."

ஹால்வர்சன் தொலைபேசியை மடியில் வைத்தார். "டார்லீன், யோசிச்சுப் பேசு. நாளைக்குப் படகு வருது."

"வரட்டும். நண்டைக் காக்க வைக்க முடியாது கிரெக். நாங்க இல்லேன்னா அழுகறது உன் நண்டுதான்."

சுவரோரத்திலிருந்து வியட்நாம்காரி துயெட் வந்தாள். "நானும் சொன்னேன்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொருத்தி. எல்லாரும் வரவில்லை. பாதிப் பேர் கூட்டத்துக்கே வரவில்லை, வந்தவர்களில் சிலர் மெல்ல வாசலைப் பார்த்து நழுவினார்கள். எட்டுப் பேர் தேறினார்கள். சொன்னால் வழக்கு வரும் என்று வக்கீல் எச்சரித்தார். தெரியும் என்றார்கள். விண்டல் அம்மாள் பெருமூச்சு விட்டு, பெயர்களைக் குறித்துக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொன்னார். மேசை முன்னால் வரிசை நின்றது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒஃபீலியா எழுந்தாள். ஹால்வர்சன் காலைக்கூட நகர்த்தவில்லை. அவள் தாண்டி வந்தாள்.

"நான் அந்த முதலாளி தாள்ல கையெழுத்துப் போட்டவ. அதையும் எழுதிக்கோங்க. பயந்து போட்டேன், அது பொய்னு எழுதுங்க."

எழுத்தர் நிமிர்ந்தார். "முழுப்பேர் என்ன? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க."

அவள் கையில் குழந்தை கனத்தது. எஸ்தெலித்தா பழக்கத்தில் முன்னால் குனிந்து, மேசைமேல் கிடந்த பேனாவை எடுக்கப் போனாள்.

"விடுக்கா. நானே எழுதறேன்" என்றாள் ஒஃபீலியா.

குழந்தையை எஸ்தெலித்தாவின் கையில் கொடுத்துவிட்டு, முள் குத்திய விரல்களை மடக்கி, பெரிய பெரிய எழுத்தாய் எழுதத் தொடங்கினாள். பின்னால் நின்ற எட்டுப் பேரும் காத்திருந்தார்கள்.