ஆறு பத்துக்குச் சோதனை

இன்ஸ்பெக்டர் என்பது பூனையின் பெயர். வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று மூன்று நிறம். வீட்டுக்குள் யார் வந்தாலும் பையைத் தரையில் வைத்தாக வேண்டும். அது தலையை உள்ளே விட்டு, ஒரு சுற்று மோந்து பார்த்து, மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால்தான் ஆளுக்கு அனுமதி. பெயரை வைத்தவர் தையல்காரம்மாவின் கணவர். தெருத்தெருவாகத் தண்ணீர் மீட்டர் பார்த்துவிட்டு மாலை ஆறு பத்துக்குப் பஸ்ஸில் வீடு திரும்பும் மனிதர். பையை நீட்டிக்கொண்டு வாசலில் கைதிபோல நிற்பார். பையின் அடியில் ஒரு மீன் துண்டு எப்போதும் பிடிபடும்.

அவர் போய்ச்சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் வேலையை விடவில்லை. ஆறு பத்து ஆனால் தையல் மேஜையிலிருந்து இறங்கும், முக்காலி, தரை, வாசல் என்று நடந்து, கதவைப் பார்த்துக் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும். காது முழுக்கப் போய்விட்டது. கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் ஒரு நாள் தவறியதில்லை. அந்தக் கால் மணி நேரம்தான் தையல்காரம்மாவுக்கு அந்த நாளின் தேவை. அவர் வருவார் என்று நினைக்கிற ஒரு உயிர் இன்னும் வீட்டில் இருக்கிறது அல்லவா.

அந்த உயிருக்குத்தான் இப்போது நாள் குறித்திருந்தார்கள். குறித்தவள் நாத்தனார், கணவரின் தங்கை, கால்நடை மருத்துவர்.

"கிட்னி பாதிக்கு மேல போயிடுச்சு அண்ணி. மூணு மாசம், மிஞ்சிப்போனா அஞ்சு."

இதைக் கேட்டதும் மகள் எங்கெங்கோ தேடி, பூனையை நகலெடுத்துத் தரும் கம்பெனி ஒன்றைப் பிடித்துவிட்டாள். வயிற்றுத் தோலில் பட்டாணி அளவு ஒரு துண்டு போதுமாம். அதிலிருந்து அதே பூனை மறுபடி பிறக்குமாம். தையல்காரம்மா ஒரு வாரம் யோசித்தாள். பிறகு, "வரச் சொல்லு" என்றாள்.

கம்பெனிக்காரர் வந்தபோது மணி ஐந்து. அழைப்பு மணி அடித்ததும் தையல்காரம்மா மெஷினின் மோட்டாரை அணைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். பின்னாலேயே இன்ஸ்பெக்டரும் வந்து, அவர் கொண்டுவந்த குளிர்ப்பெட்டிக்குள் தலையை விட்டது.

"பயப்படாதீங்க சார், சோதனை" என்றாள் மகள். "முடிஞ்சதும் விட்டுடும்."

சோதனை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். தோல் துண்டை எடுக்க வேண்டிய நாத்தனார் கையுறையைப் போடாமல் மடியில் வைத்திருந்தாள். கம்பெனிக்காரர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, முன்பே அனுப்பியிருந்த படிவத்தைக் கேட்டார். தையல்காரம்மா ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினாள். மேலே இருந்தது கடையில் வாடிக்கையாளர்களுக்கு எழுதும் அளவுச் சீட்டு. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"கழுத்து ஒன்பது அங்குலம். முதுகு பதினாலு. வால் பத்தரை... வாலுக்குத் தளர்வு வேண்டாம்."

"என்னம்மா இது!" மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அளவு கொடுக்காம எவன் தைப்பான்?" என்றாள் தையல்காரம்மா. "இடது காதுல பிளேடு கீறின மாதிரி ஒரு வெட்டு இருக்கு. அதையும் எழுதியிருக்கேன், பாருங்க."

"அது சண்டையில கிழிஞ்சது அண்ணி. புதுப் பூனைக்கு வேற சண்டை ஏற்பாடு பண்ணணும்."

கம்பெனிக்காரர் சிரிப்பை அடக்கியபடி விளக்கினார். தோல் துண்டிலுள்ள ஒரு செல்லின் கருவை எடுத்து, வேறொரு பூனையின், உள்ளே காலியாக்கிய கருமுட்டையில் வைப்பார்கள். அது வளரத் தொடங்கினால் வாடகைத் தாய்ப்பூனையின் வயிற்றில் சேர்ப்பார்கள். கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளை மாதிரி, பல வருடம் தள்ளிப் பிறக்கும்.

"அச்சு அசலா இதே மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

அவர் கொஞ்சம் இழுத்தார். "மூணு நிறப் பூனைக்கு மட்டும் ஒரு சின்ன சிக்கல்மா. எந்த இடத்துல எந்த நிறம்னு வயித்துக்குள்ள குலுக்கல் மாதிரி விழும். ஒரு நிறமே வராமலும் போகலாம்."

தையல்காரம்மா தலையாட்டினாள். ஒரே காகித வெட்டுப்படியை வைத்து, ஒரே கட்டுப் பூப்போட்ட துணியில் இரண்டு சட்டை வெட்டினாலும் பூ ஒரே இடத்தில் விழாது. இது அவளுக்குத் தெரியாததல்ல.

"சரி, பூ எங்க வேணா விழட்டும். எத்தனை தாய்ப்பூனைக்கு வைப்பீங்க?"

"அது... நிலைமையைப் பொறுத்து. நாலஞ்சு."

"ஒண்ணுக்கு மேல பிறந்துட்டா?"

"நல்ல வீடா பார்த்துக் கொடுத்துடுவோம்."

"பிறக்காம போறது?" என்று கேட்டாள் நாத்தனார். கம்பெனிக்காரர் மறுபடி கழுத்துப்பட்டையைப் பிடித்தார்.

"அத்தை, சும்மா இரு. அம்மாவுக்காகத்தானே?"

"உங்கம்மாவுக்காகத்தான் கேக்கறேன். உங்கப்பா எனக்கு அண்ணன்டி."

தையல்காரம்மா காகிதக் கட்டிலிருந்து நான்கு பக்கங்களை உருவினாள். 'பழக்கங்கள்' என்று தலைப்பிட்டு, கீழே கோடும் போட்டிருந்தாள்.

"மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். முதல் வரி மட்டும் வரணும். ஆறு பத்துக்கு வாசல்ல போய் உட்காரணும். அது வருமா?"

"பழக்கம் வராதும்மா" என்றார் அவர். இந்த முறை நேராகப் பார்த்துச் சொன்னார். "அது இந்தப் பூனை வாழ்ந்து கத்துக்கிட்டது."

"நீங்க பார்த்ததில்லை. இது கத்துக்கிட்டது இல்ல, ரத்தத்துல இருக்கு. இப்ப பாருங்க, ஆறு ஆகப்போகுது."

எல்லோரும் காத்திருந்தார்கள். தையல் மேஜையின் ஓரத்தில், தன் பழைய துணிமெத்தையில் இன்ஸ்பெக்டர் சுருண்டு கிடந்தது. ஆறு பத்து ஆனது. தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு காலை நீட்டியது, திரும்பப் படுத்துக்கொண்டது. ஆறே கால். ஆறு இருபது. லேசான குறட்டை.

தையல்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது. "உடம்பு ரொம்ப முடியலயோ என்னவோ" என்றாள்.

நாத்தனார் எழுந்து போய்ப் பூனையின் பக்கத்தில் மேஜைப் பலகைமேல் கையை வைத்தாள். "அண்ணி, மோட்டார் ஓடினா இந்தப் பலகை அதிருமா?"

"தைக்காட்டியும் அதிரும். சுவிட்சை அணைக்கிற வரைக்கும்."

"ஆறு பத்துக்கு அணைக்கறது யாரு?"

"நான் எங்க அணைக்கறேன்? இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கும், அப்புறம்தான் நான்..." தையல்காரம்மா பாதியில் நிறுத்தினாள்.

"பஸ் சத்தம் கேட்டதும் உன் கை தானா சுவிட்சுக்குப் போகும்மா" என்றாள் மகள், தயங்கித் தயங்கி. "அப்பா இருந்தப்பவே அப்படித்தான். மத்தியானம் அணைச்சாலும் அது வாசல்லதான் போய் உட்காருது. நீ அப்ப சமையலறையில இருப்பே."

ஐந்து மணிக்கு அழைப்பு மணி சத்தம் கேட்காத பூனை பின்னாலேயே வந்தது தையல்காரம்மாவுக்கு நினைவு வந்தது. மகள் மோட்டாரைப் போட்டாள். மேஜை உறுமியது. ஐந்து நிமிடம் விட்டு அணைத்தாள். இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தது, சோம்பல் முறித்தது. முக்காலி, தரை, வாசல். கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அப்போது மணி ஆறு முப்பத்திரண்டு.

முதலில் சிரித்தது கம்பெனிக்காரர்தான். பிறகு தையல்காரம்மா. தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பதினாலு மாசமா நான்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கேன். பழியை இது மேல போட்டுட்டேன்."

"அப்போ அண்ணியைத்தான் நகலெடுக்கணும்" என்றாள் நாத்தனார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையுறையைப் பைக்குள் போட்டாள்.

"ஐயோ, ஒண்ணே போதும்" என்றாள் மகள்.

தையல்காரம்மா படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "உங்களுக்கு வீண் அலைச்சல் கொடுத்துட்டேன் தம்பி. நாலஞ்சு பூனை வயித்துல பாரத்தை ஏத்தி ஒண்ணை வரவழைச்சு, அதுக்கும் நான்தானே சுவிட்சை அணைக்கணும்? இருக்கிற நாளைக்கு இதுவே பார்த்துக்கட்டும்." அளவுச் சீட்டை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை பஸ் தெருமுனையில் திரும்பியது. சுவிட்சை நோக்கிப் போகும் தன் கையை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். போகட்டும் என்று விட்டாள். மேஜை அடங்கியது. இன்ஸ்பெக்டர் இறங்கி வாசலுக்கு நடந்தது. அவள் ஆணியில் தொங்கிய கணவரின் பையை எடுத்தாள், சமையலறையில் ஏதோ ஒன்றை அதன் அடியில் வைத்தாள், பின்கதவு வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

கதவைத் திறந்து, பையை நீட்டி, கைதிபோல நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தலையை உள்ளே விட்டது. வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் மீன் துண்டைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, வாலை உயர்த்தி, வழி விட்டது.