நிற்காத பந்து

ஆய்வகத்தில் அவளுக்கு நாளெல்லாம் ஒரே வேலை. நுண்ணோக்கியில் எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு செல்லின் ஓரத்தையும் மவுஸால் சுற்றி வரைய வேண்டும். பொத்தானை அழுத்தியபடியே வரைய வேண்டும். பாதியில் விரல் தளர்ந்தால் கோடு அறுந்துவிடும், பிறகு முதலிலிருந்து. மாலையில் அறைக்குத் திரும்பியதும் அதே கையால் அண்ணனோடு இணையத்தில் துப்பாக்கிச் சண்டை. கை என்ன இரும்பா? ஒருநாள் தண்ணீர்க் குவளையைத் தூக்கும்போது மணிக்கட்டில் சுருக்கென்றது. அதன்பின் அந்த வலி அங்கேயே குடிவந்துவிட்டது.

விளையாட்டை விட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் இருப்பது வேறு ஊரில். போனில் பேசினால், “சாப்பிட்டியா?” என்பான். “ம்” என்பாள். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் மௌனம். ஹெட்போனை மாட்டி ஆட்டம் தொடங்கிவிட்டால் கதையே வேறு. கண் எதிரியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் வாய்க்குக் கூச்சம் மறந்துவிடும். மேலதிகாரி முகம் சுளித்தது, கருத்தரங்கில் பேசச் சொல்லிவிட்டார்களே என்ற பயம், எல்லாம் வெளியே வரும். அவள் மனம்விட்டுப் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

வலி தாங்காமல் அவள் தேடிப் போன பிசியோதெரபிஸ்ட் அம்மா, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மவுஸை விட்டுட்டு ட்ராக்பால் வாங்கிப் பாரும்மா. அது மேசையில உட்கார்ந்த இடத்துலயே இருக்கும், நீ பந்தை மட்டும் உருட்டுவ. மணிக்கட்டு அலையாது. ஆனா கட்டைவிரலால உருட்டறது வேண்டாம். வலி கட்டைவிரலுக்கு ஜாகை மாத்திக்கும், அவ்வளவுதான். நடுவுல பந்து இருக்கறதா வாங்கு.”

“கேம் விளையாடலாமா?” அதை மெதுவாகத்தான் கேட்டாள்.

“இதுல விளையாடு. நடுநடுவுல கையை ஆறப் போடு. மறுபடி மவுஸைத் தொட்டா மட்டும் என்கிட்ட வந்து அழாதே.”

வாங்கினாள், அண்ணனிடமும் சொன்னாள். முதல் நாள் பழக்கதோஷத்தில் பந்தை விட்டுவிட்டுப் பெட்டியையே மேசை முழுக்கத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரையில் அம்புக்குறி நகரவே இல்லை. தேநீர்க் குவளைதான் நகர்ந்து கவிழ்ந்தது. ஆனாலும் ஆய்வக வேலைக்கு அது சீக்கிரமே கைவந்தது. செல்லின் ஓரத்தில் விரல்நுனியால் ஊர்ந்து போகலாம். வலியும் மெல்லக் கிளம்பிப் போகத் தொடங்கியது.

விளையாட்டில்தான் மானம் போனது. கதவைக் குறிவைத்துச் சட்டென்று உருட்டினால், விரலை எடுத்த பிறகும் பந்து தன்பாட்டுக்கு ஓடும். குறி கதவைத் தாண்டிச் சுவரில் போய் நிற்கும். அவள் அதைத் திரும்ப இழுத்து வருவதற்குள் எதிரி வேலையை முடித்திருப்பான்.

“ஏய் எறும்பு, அந்தச் சுவர் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்பான் அண்ணன். சின்ன வயதிலிருந்தே அவள் அவனுக்கு எறும்புதான்.

“சாரி அண்ணா.”

தோல்விமேல் தோல்வி. இத்தனை வருடம் இருவரும் ஏறி வந்த தரவரிசையில் மளமளவென்று இறங்கினார்கள். இதில் அண்ணனும் முன்போல் ஆடவில்லை. என்னைச் சுமந்து சுமந்து அவனுக்கும் அலுத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை ஹெட்போனை மாட்டியதும், யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

“அண்ணா, நீ வேற ஜோடி பார்த்துக்கோ.”

“என்ன உளர்ற?”

“என்னால உன் புள்ளியெல்லாம் போகுது. எனக்கு இனிமே மவுஸ் ஆகாது.”

“ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சு. முதல்ல ஆடு, அப்புறம் பேசலாம்.”

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவள் சுடப்பட்டு விழுந்தாள். விழுந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: மீதி ஆட்டத்தைக் கூட்டாளியின் கண் வழியாகவே பார்க்கலாம். வழக்கமாக அவள் அந்த நேரத்தில் கையை உதறிக்கொண்டு எங்கேயோ பார்ப்பாள். கடைசி ஆட்டமாயிற்றே என்று இன்று திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அண்ணன் ஒரு கதவின் பக்கம் திரும்பினான். வழக்கமாக அவன் திரும்பினால் குறி வெட்டியது போல நிற்கும். இன்று பார்வை கதவைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய், சுவரில் நின்று, அங்கிருந்து ஊர்ந்து திரும்பி வந்தது. அடுத்த கதவிலும் அதே. மூன்றாவது கதவில் ஓரிடத்தில் சிக்கி, விட்டு, மறுபடி சிக்கியது.

உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்தத் தவறு அவளுக்குத் தெரியும்.

“அண்ணா.”

“ம்?”

“பந்தைக் கழட்டு. அடியில மூணு குட்டி முத்து இருக்கும். அதுல தூசி சேர்ந்திருக்கு, துடை.”

“எந்தப் பந்து?”

“உன் கையில இருக்கே, அந்தப் பந்து.”

மறுமுனையில் தூரத்திலிருந்து அண்ணியின் சிரிப்பு. “மாட்டிக்கிட்டாரா? நான்தான் சொன்னேனே, அவ கண்டுபிடிச்சிடுவான்னு!”

“எப்போ வாங்கின?” என்றாள்.

“நீ வாங்கின கொஞ்ச நாள்ல.”

“உனக்கும் கை வலியா?”

“எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கேன். நீ ஏன் ஒவ்வொரு தடவையும் சுவரைப் போய்ச் சுடறேன்னு புரியல. கேட்டா ‘சாரி அண்ணா’ன்னு வாயை மூடிக்குவ. அதான் நானே உருட்டிப் பார்த்தேன்.”

“ரெண்டு நாள் அந்தப் பெட்டியையே மேசை முழுக்கத் தள்ளிக்கிட்டிருந்தார்,” என்று அண்ணி போட்டுக்கொடுத்தாள். “இந்த மனுஷனை நான் என்னன்னு சொல்ல!”

அவள் சிரித்தாள். சிரித்ததில் கண் கலங்கியது. நல்லவேளை, அந்தப் பக்கத்துக்குக் குரல்தான் போகும், முகம் போகாது.

“சும்மா ஒண்ணும் தோக்கல,” என்றான் அண்ணன். “இந்தப் பந்தைப் படிச்சுக்கிட்டிருந்தேன். சட்டுனு திரும்பறதுக்கு இது சண்டித்தனம் பண்ணுது. ஆனா தூரத்துல மெதுவா போறவன் இருக்கான் பாரு, அவன்கூடவே நூல் பிடிச்ச மாதிரி போகுது. நீ ஏன் என் பின்னாடியே கதவு கதவா ஓடி வர்ற? மாடியில உட்காரு. தூரத்துல வர்றவன் உன் பாடு, கிட்ட வர்றவன் என் பாடு.”

செல்லின் ஓரத்தில் ஊர்வது நினைவுக்கு வந்தது. அந்தக் கை ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது. விளையாட்டுக்கு அதைக் கொண்டுவர அவளுக்குத்தான் தோன்றவில்லை.

“அப்போ நீ மவுஸை எடு. கிட்ட வர்றவனை யாராவது ஒருத்தர் உருப்படியா சுடணும்.”

“அப்பாடா,” என்றான். அது அடிவயிற்றிலிருந்து வந்தது.

அடுத்த ஆட்டத்தில் அவள் மாடிக்குப் போனாள். தெருக்கோடியில் ஒருவன் மதிலோரமாக நகர்ந்தான். பந்தின்மேல் இரண்டு விரல்களை வைத்து அவனோடு கூடவே நகர்ந்தாள். சுட்டாள். விழுந்தான்.

“எறும்பு கடிச்சிடுச்சுடா!” என்று அண்ணன் கத்தினான்.

நன்றி சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. வாய்வரை வந்ததெல்லாம் அங்கேயே நின்றுவிடுவது அவளுக்குப் பழக்கம்தான். மாடியிலிருந்து இறங்கிப் போய், தன்னிடமிருந்த ஒரே மருந்துப் பெட்டியை அவன் காலடியில் போட்டாள்.

“எனக்குதான் காயமே இல்லையே, எதுக்கு?”

“வெச்சுக்கோ,” என்றாள்.

அவன் எடுத்துக்கொண்டான். அவள் மறுபடி மாடிக்கு ஓடினாள். படியேறும்போதே, கருத்தரங்கில் பேசப் போகும் பயத்தைப் பற்றி அவனிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள்.