சிப்பியோடு உருண்ட கீழ்வரிசை

காலை பதினொரு மணிக்கு அக்கா ஒரு காகிதத்தைத் தம்பி செட்டுக்காரரின் மூக்குக்கு நேராக நீட்டினாள். சிவப்பு மையில் மூன்றே சொற்கள்: "என் பல் எங்கே?" அடியில் இரண்டு கோடு வேறு.

அக்கா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பள்ளிக்கூடம் அவளை விட்டாலும் அவள் சிவப்புப் பேனாவை விடவில்லை. வாயில் பல் செட் இல்லாத நேரத்தில் உதட்டைத் திறக்கவே மாட்டாள், எல்லாம் எழுத்துமூலம்தான். பழைய மாணவர்கள் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவளுக்கு ஒரு விழா வைத்திருந்தார்கள். அதற்காகத்தான் முந்தின நாளே தம்பி வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தாள். ஒரு மணி நேரப் பேச்சு எழுதி, இரண்டு தடவை கண்ணாடி முன்னால் பேசியும் பார்த்துவிட்டாள். இப்போது மேல்வரிசை இருக்கிறது, கீழ்வரிசையைக் காணோம். மேல்வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு வணக்கம்கூடச் சொல்ல முடியாது.

"அதுக்குத்தான் டப்பா குடுத்தேனே, அதுல போட்டு வெச்சா என்னவாம்?" என்றார் செட்டுக்காரர்.

அக்கா விறுவிறுவென்று எழுதினாள். "குத்துகிறது. அதனால் கழற்றினேன். யார் செய்த செட்டு?"

வந்துவிட்டது வம்பு. செட்டுக்காரர் நாற்பது வருஷம் பல் செட் செய்தவர். அவர் செய்த செட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பது ஊரறிந்த பேச்சு, அதைக் கிளப்பிவிட்டவரும் அவரே. ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குச் செய்து மாட்டிய அன்று, கடை நிறைய ஆள் இருக்கும்போது அவள், "இடது பக்கம் குத்துதுடா" என்று சொல்லிவிட்டாள். "நான் செஞ்ச செட்டு குத்தாது. பழகினா சரியாயிடும்" என்றார் இவர். அன்றிலிருந்து அவள் குத்துகிறது என்பதும் இவர் குத்தாது என்பதுமாகவே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, தேடினார்கள். தலையணை உறை, மூக்குக் கண்ணாடிக் கூடு, சர்க்கரை டப்பா என்று ஓர் இடம் பாக்கியில்லை. செட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி பின்பக்கத்துத் துவைக்கும் இடத்தைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அங்கேதான் கல்லை உருட்டி மெருகேற்றும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற மனுஷன் சும்மா இருக்க மாட்டாமல் வாங்கிய சனியன் அது. கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் மனைவி பொறுக்கிவந்த சிப்பிகளைப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று சவால் விட்டிருந்தார். முதல் தடவை, கல்லுக்குப் போடுகிற முரட்டுப் பொடியைப் போட்டு ஒரு வாரம் ஓடவிட்டார். திறந்து பார்த்தால் சிப்பியே இல்லை, வெள்ளைக் கஞ்சிதான் இருந்தது. மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் தொழில் புத்தி வேலை செய்தது. பல் செட்டுக்கு மெருகேற்றுகிற மெல்லிய பொடியைப் போட்டு மூன்று மணி நேரம் மட்டும் உருட்டினார். சிப்பி பீங்கான் மாதிரி வந்தது. இன்று காலை எட்டரைக்கும், தொட்டிக்குப் பக்கத்தில் நீலக் கிண்ணத்தில் ஊறிக்கிடந்த சிப்பியை அப்படியே கவிழ்த்து மெஷினைப் போட்டிருந்தார்.

"என்னங்க, இன்னிக்குச் சத்தம் வேற மாதிரி இருக்கே. உள்ள ஏதோ கனமா உருளுது."

செட்டுக்காரர் பெட்டிக்குள்ளிருந்து தலையை வெடுக்கென்று இழுத்தார். நீலக் கிண்ணம்! அக்கா காலையில் சாப்பிட்டுவிட்டு அங்கேதான் வாய் கொப்பளித்தாள், கழற்றிய கீழ்வரிசையை அந்தக் கிண்ணத்தில் போட்டிருப்பாள்.

மனைவிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அண்ணி, சாயங்காலத்துக்கு என்ன கட்டிக்கப் போறீங்க? வாங்க, இஸ்திரி போட்டு வெச்சுடலாம்" என்று அக்காவை முன்னறைக்கு நகர்த்திக்கொண்டு போனாள். போகிற போக்கில் திரும்பி இவரை ஒரு பார்வை பார்த்தாள். அடக்கிவைத்த சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

மெஷினை நிறுத்தி, டிரம்மின் மூடியைத் திறந்து சல்லடையில் கொட்டினார். வெள்ளைத் தண்ணீர் வடிந்ததும் சிப்பிகளுக்கு நடுவில் கீழ்வரிசை கிடந்தது. உடையவில்லை, கீறல்கூட இல்லை. செய்து முடித்த நாளில்கூட அது அப்படி மின்னியதில்லை. கழுவிவிட்டு, பழக்கதோஷத்தில் இடது ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

அந்த முனை இல்லை.

மணல் அளவுக்கு ஒரு முனை அங்கே இருந்தது. மாட்டிய அன்றைக்கே அவர் விரலுக்கு அது தெரியும். இரண்டு நிமிஷம் தேய்த்தால் போகிற விஷயம். ஆனால் அத்தனை பேர் முன்னால் குத்தாது என்று சொன்ன வாய், அதற்கப்புறம் எப்படி மாற்றிச் சொல்லும்? மனுஷனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கிடைச்சுடுச்சுக்கா. தொட்டிக்குப் பின்னாடி கிடந்தது" என்று கொண்டுபோய் நீட்டினார்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டாள். தாடை இப்படியும் அப்படியும் அசைந்தது. திரும்பினாள்.

"குத்தலையே! என்னடா பண்ணே?"

செட்டுக்காரர் வசமாக மாட்டிக்கொண்டார். தேய்த்தேன் என்றால் ஆறு வருஷமாகக் குத்தியது உண்மை என்றாகிவிடும். ஒன்றும் பண்ணவில்லை என்றால் தொழிலையே அறியாத ஒரு டிரம் ஜெயித்ததாகிவிடும். அதற்குள் அக்கா முகத்தைச் சுளித்து, கடைவாயில் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அரிசி அளவில், இளஞ்சிவப்பாக ஒரு குட்டிச் சிப்பி.

பின்பக்கத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"மொத நாள்லேருந்தே குத்திச்சுக்கா" என்றார் அவர். "எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். அன்னிக்குக் கடையில நீ தடவிப் பார்த்தப்போ உன் மூஞ்சியே சொல்லிடுச்சே."

"அப்ப வேற யார்கிட்டயாவது குடுத்துத் தேய்ச்சிருக்கலாமே?"

"குடுத்திருந்தா? சொந்த அக்காவே இன்னொருத்தன்கிட்ட போயிட்டாள்னு ஊர் பேசாதா? அதான் பொறுத்துக்கிட்டேன்." அந்தச் சிப்பியை அவர் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "போ, எனக்கு நேரமாச்சு."

விழாவில் அக்கா ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் பேசினாளாம். செட்டுக்காரர் போகவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் எதுவோ விழுந்துவிட்டதாக மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் துவைக்கும் இடத்துக்கு வந்தபோது நீலக் கிண்ணம் தொட்டியின் விளிம்பில் இருந்தது. தண்ணீருக்குள், புதிதாகப் போட்ட சிப்பிகளின் மேல், மேல்வரிசை பல்லை இளித்துக்கொண்டு படுத்திருந்தது. கிண்ணத்துக்கு அடியில் மடித்து வைத்த காகிதத்தில் சிவப்பு மை.

"இதற்கும் மூன்று மணி நேரம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்."