ராமையா மீசையை எடுத்த நாள்

ராமையாவுக்கு அரித்தது. சும்மா அரிப்பா அது? தாடிக்குள் விரலை விட்டுச் சொறிய ஆரம்பித்தால் நகக்கண்ணில் ரத்தம் வரும்வரை நிறுத்த முடியாது. நெஞ்சுவரை தொங்கிய தாடி. அதற்கடியில் முகம் முழுக்கப் புண். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து சோப்பு கண்ணில் படவில்லை. தலைக்கு எண்ணெய் இல்லை, மாற்றிக் கட்டத் துணி இல்லை. மலாயாவின் பிரிஞ்சாங் மலைத் தேயிலைத் தோட்டத்து மழையும் பனியும் வேறு. ஈரம் காயாத முடிக்குள் பேனும் சிரங்கும் குடித்தனம் நடத்தின.

எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். எப்படி எடுப்பான்? அது முருகனுக்கு நேர்ந்துகொண்ட தாடி. சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஜப்பான்காரன் கேட்டபோது, கங்காணி சொன்னது ராமையாவின் பெயரைத்தான். ஆள் ஏற்றிப் போக லோரி வந்த அன்று அவன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். "நீ படுத்துக்கண்ணே. நான் போய்ட்டு வந்துர்றேன்லா" என்று தம்பி சின்னையா ஏறிவிட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன். காய்ச்சல் விட்டு எழுந்த ராமையா, தம்பி திரும்பி வருகிறவரை என் முகத்தில் கத்தி படாது என்று லயத்து வீட்டு வரிசை முழுக்கப் பார்க்கச் சத்தியம் செய்தான்.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. சயாமிலிருந்து ஒரு சேதியும் இல்லை. தம்பி மனைவி ருக்குமணிதான் அவனுக்கும் சேர்த்துப் பொங்கினாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்து, பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைப்பாள். திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலாம்.

அன்று மதியம் வேலைக்காட்டில் வியர்வை புண்ணில் இறங்கியது. தீயாய் எரிந்தது. மண்வெட்டியை வீசிவிட்டு ராமையா நேரே முடி வெட்டும் தங்கராஜுவின் வீட்டுக்குப் போய் அவன் முன்னால் உட்கார்ந்தான்.

"எடுத்துடு."

"சாமிக்கு விட்டதாச்சே அண்ணே!"

"சாமிக்கா அரிக்குது? எடுடா!"

சோப்புக்குப் பதில் வெந்நீர். மழுங்கிய கத்தி. இழுத்த இழுப்பில் கண்ணில் நீர் வந்தது; ஆனாலும் தாடி கொத்துக்கொத்தாக மடியில் விழ விழ, உயிரே திரும்புவது போல இருந்தது. தலையிலும் பேன் என்பதால் அதையும் மழித்தாயிற்று. மேலுதட்டுக்கு வந்ததும் தங்கராஜு கையை நிறுத்தினான்.

"மீசை இருக்கட்டும்ணே. சாவு வீட்டுக்காரன்தான் இதையும் எடுப்பான்."

"அங்கதான்டா சீழே இருக்கு. மழி."

தங்கராஜு கடைசியாக மிஞ்சியிருந்த படிகாரத் துண்டை நனைத்து முகமெல்லாம் தேய்த்தான். "வீட்டுக்குப் போய் குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்சுப் போடுங்க. நகம் படக்கூடாது" என்றான். ராமையா எங்கே கேட்டான்? எழுந்து நின்றான். மலைக்காற்று வெறும் கன்னத்தில் பட்டது. அடடா, என்ன சுகம்! வாய்விட்டுச் சிரித்தேவிட்டான். அந்த நேரத்தில் தம்பி நினைப்பு அவனுக்குத் துளியும் வரவில்லை.

லயத்துக்குப் போகும் பாதையில் கொழுந்துக் கூடையோடு எதிரே வந்தாள் பக்கத்து வீட்டு வேலாயி. மழித்த தலையைப் பார்த்தாள். மீசையில்லாத உதட்டைப் பார்த்தாள். கூடை கீழே விழுந்தது.

"அய்யோ சின்னையா! போய்ட்டியா ராசா!" என்று அலறிக்கொண்டு லயத்தைப் பார்த்து ஓடினாள்.

இவளுக்கு என்ன பைத்தியமா என்றுதான் முதலில் நினைத்தான் பாவி மனுஷன். மேலுதட்டைத் தடவிப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஓடினான்.

அவன் போய்ச் சேருவதற்குள் ஒப்பாரி தொடங்கிவிட்டது. ருக்குமணி வாசலில் விழுந்து கிடந்தாள். கையிலிருந்த கண்ணாடி வளையல்களைத் தரையில் அடித்து நொறுக்கியிருந்தாள். நெற்றிப் பொட்டு அழிந்திருந்தது. கை கழுத்துத் தாலிக்குப் போனது.

"வேணாம்! சேதி வரல! ஒரு சேதியும் வரலம்மா!" என்று கத்தினான் ராமையா. "அரிப்புத் தாங்கல... எடுத்துட்டேன்."

ஒப்பாரி பாதியில் நின்றது. எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். மறைத்துக்கொள்ள அதில் ஒரு முடிகூட இல்லை.

"அட நாசமாப் போறவனே! அவன் ஒனக்காகத்தானடா லோரி ஏறுனான்! ஒரு அரிப்பப் பொறுக்க முடியல ஒனக்கு!" வேலாயி காறித் துப்பிவிட்டுப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

ஓடிவந்ததில் கத்தி கீறிய இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. ருக்குமணி எழுந்து உள்ளே போனாள். அம்மி அரைபடும் சத்தம் கேட்டது. குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்த விழுதைத் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"போட்டுக்குங்க மாமா."

"என்னைச் செருப்பால அடிச்சிடும்மா" என்றான் ராமையா. அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒங்கள அடிச்சி என்ன ஆவப்போவுது? காலையில எந்திரிச்சதும் ஒங்க தாடியத்தான் மாமா பாப்பேன். அது வளருற வரைக்கும் அவரும் எங்கியோ இருக்காருன்னு நெனச்சுக்குவேன்." அவள் குரல் உடைந்தது. "நாளைக்கு எதப் பாக்குறது, சொல்லுங்க?"

அவள் குனிந்து, உடைந்த வளையல்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.