வலி நின்ற பல்

தேநீர் இடைவேளையில் காலர் தைப்பவள் டம்ளரை இடப்பக்கமாகச் சாய்த்துக் குடித்தாள். அப்படியும் ஒரு வாய் வலப்பக்கக் கடைவாய்க்கு ஓடிவிட்டது. சுரீரென்று காதுவரை ஏறிய வலி, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்த பிறகும் இறங்கவில்லை.

அந்தத் தையல் ஆலையில் அவள் உட்காரும் மெஷின் வரிசைக்கு, அதாவது லைனுக்கு, ஒரு சூப்பர்வைசர் இருந்தாள். கெட்டவள் அல்ல. எல்லோரும் அவளை 'மாத்திரை அக்கா' என்பார்கள்; அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தலைவலியோ இடுப்புவலியோ, வாய் திறந்து கேட்பதற்குள் மேசை இழுப்பறையிலிருந்து மாத்திரை வந்துவிடும். லீவு மட்டும் வராது.

"அக்கா, படுத்தாலே விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. தூக்கமே இல்ல. பல் டாக்டர்கிட்ட போகணும், அரை நாள் விடுங்கக்கா."

"பல்லுக்கெல்லாம் யாராவது லீவு போடுவாங்களாம்மா? நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க. இந்தா, இதப் போடு. காலர் நின்னா மொத்த லைனும் நின்னுடும்."

காலில் அடிபட்டால் கட்டுத் தெரியும். காய்ச்சல் என்றால் தொட்டால் சுடும். பல்வலியை யார் பார்த்தார்கள்? ஒரு மனுஷி கன்னத்தைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்து தைக்கிறாள்; அது நோய்க் கணக்கிலேயே சேர்த்தியில்லையாம்! என்ன நியாயம் இது? மாத்திரைகள் உள்ளே போயின, காலர்கள் வெளியே வந்தன. வயிறு எரிந்ததுதான் அவளுக்கு மிச்சம்.

பிறகு ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிட்டது. சூடாகக் குடித்தாலும் அந்தப் பல்லுக்கு உணர்ச்சி இல்லை.

"பாத்தியா, என் கைராசி!" என்று சூப்பர்வைசர் லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். வீட்டில் கணவனும், "அதான் வலி போயிடுச்சே, இன்னும் எதுக்கு டாக்டரு?" என்று பேச்சை முடித்துவிட்டான். அவளும் நம்பினாள். பல் மெல்லக் கறுத்தது. ஈறில் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, வாய் கசந்தது. வலிக்காத பல்லைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

ஒரு காலையில் கன்னம் வீங்கியது. அதோடுதான் வேலைக்கு வந்தாள். மதியத்துக்குள் வீக்கம் கழுத்துக்கு இறங்கி, வாயைத் திறக்க முடியாமல், காய்ச்சலில் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். மாத்திரை அக்காதான் பதறியடித்து வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

"இத்தனை நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" பல் டாக்டரம்மா கத்தியே விட்டார்.

"வலி நின்னுடுச்சு டாக்டர். சரியாயிடுச்சுன்னு நெனச்சோம்," என்றாள் சூப்பர்வைசர்.

"உள்ள நரம்பே செத்துப்போச்சு, அப்புறம் எப்படி வலிக்கும்? சீழ் பாட்டுக்கு உள்ள பரவிக்கிட்டிருந்திருக்கு. சூடாக் குடிச்சா வர்ற வலி சீக்கிரம் இறங்கலைன்னா அப்பவே வந்திருக்கணும். படுத்தா தெறிக்குது, ஈறுல கொப்புளம் வருதுன்னா சும்மாவா வருது? ரூட் கேனல் பண்ணி, உள்ள சுத்தம் பண்ணி அடைச்சு, பல்லக் காப்பாத்தியிருப்பேன். இப்ப வேரைச் சுத்தி எலும்பே கரைஞ்சு கெடக்கு, எடுத்துத்தான் ஆகணும். இன்னும் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்!"

சீழை வெளியேற்றி, பல்லையும் எடுத்து, அவளை அங்கேயே படுக்க வைத்தார்கள். உயிர் பிழைத்தாள்.

மறுநாள் கட்டிலருகே வந்து நின்ற சூப்பர்வைசருக்கு முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா குடுத்தேன்."

காலர் தைப்பவள் வீங்கிய வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"ஊசி உடைஞ்சா மெஷின நிறுத்தி மாத்துறீங்க. மனுஷிக்கு வலிச்சா மட்டும் ஓடிக்கிட்டே இருன்னு மாத்திரை குடுக்குறீங்க. மாத்திரை வலியத்தான்க்கா மறைக்கும், நோயத் தீர்க்காது. இனிமே எவளாவது பல்லு வலிக்குதுன்னு வந்தா டாக்டர்கிட்ட அனுப்புங்க. வலி நிக்கிறதுக்கு முன்னாடியே அனுப்புங்க."